நாற்காலி இல்லாத முதல் கூட்டம்

"டிரைவர்னா ரோட்டைப் பாக்கோணும். எந்த ஊருக்குன்னு சொல்றது மொதலாளி வேலை."

தங்கசாமி இதைச் சொன்னது லாரிக்குள் உட்கார்ந்து அல்ல. தன் சேகோ மில்லின் களத்தில், ஜவ்வரிசிக்கான மரவள்ளிக் கிழங்கு மாவு வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருக்க, வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி நின்று சொன்னார். பேச்சும் லாரியைப் பற்றியது அல்ல. ஊமத்தங்கரடு ஊராட்சியைப் பற்றியது.

எதிரே நின்றவன் அர்த்தநாரி. பத்து வருஷமாக அவருடைய லாரியை நாக்பூர் வரை ஓட்டிப்போய்த் திரும்புகிறவன். போன வாரத்திலிருந்து ஊராட்சித் தலைவன். அந்த ஊராட்சிக்கே முதல் தலைவன்.

எண்பத்தாறாம் வருஷம் அது. வெண்ணந்தூருக்கு மேற்கே கரட்டுக் குன்றை ஒட்டிக் கிடந்த ஊமத்தங்கரடு, அதுநாள் வரை பக்கத்து ஊராட்சியின் வாலில் தொங்கிய ஊர். தெருவிளக்கு கேட்டால் 'அடுத்த வருஷம்' என்பார்கள். தண்ணீர் கேட்டால் அதுவும் சொல்லமாட்டார்கள். மனு மேல் மனுவாகப் போட்டு, ஒன்றிய ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, கடைசியில் தனி ஊராட்சியாகப் பிரித்து வாங்கினார்கள். வாங்கிய கையோடு தேர்தலும் வந்தது.

நியாயமாகப் பார்த்தால் தலைவர் பதவிக்கு நின்றிருக்க வேண்டியவர் தங்கசாமிதான். மில் அவருடையது, ஊர் நிலத்தில் பாதி அவருடையது, கோயிலில் முதல் விபூதி அவருக்கு. ஆனால் ஒன்றியத்து ரோடு காண்ட்ராக்டை எடுத்துத் தொலைத்திருந்தார். காண்ட்ராக்டர் தேர்தலில் நிற்க முடியாது என்று சட்டம் குறுக்கே படுத்தது. தங்கசாமி ஒரு ராத்திரி யோசித்தார். மறுநாள் தன் டிரைவரையே நிறுத்தினார். "அவன் ஓட்டட்டும். நாம எடது பக்கம் உக்காந்துட்டு வரலாம்" என்று மச்சான் சென்னிமலையிடம் சொல்லிச் சிரித்தது அர்த்தநாரியின் காதுக்கும் வந்தது.

ஜெயித்தபோது மாலை போட்டார்கள். அதை வாங்கித் தங்கசாமி தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். அந்த நிமிஷத்தில்தான் அர்த்தநாரிக்குள் ஏதோ கியர் மாறியது.

"கூட்டம் இங்கதான், மில்லு ஆபீஸ்ல. பேன் ஓடுது, காப்பி வரும்" என்றார் தங்கசாமி. "ஒன்றியத்துலருந்து தண்ணிக்கு ஒரு போர்க் கெணறு ஒதுக்கியிருக்காங்க. தொளை போடற ரிக்கு வண்டி பக்கத்து ஊருல நிக்குது. இன்னிக்கு எடத்தைச் சொல்லலைன்னா வேற ஊருக்குத் திரும்பீரும். மில்லு வேலியோரம்னு ஒரு தீர்மானம் போட்டுரு. ஊருக்கும் ஆச்சு, மில்லுக்கும் ஆச்சு."

"ஊருக்கு எத்தனை, மில்லுக்கு எத்தனைங்க?"

தங்கசாமி வேட்டி நுனியை விட்டார். "என்ன கேட்டே?"

"இல்லீங்க, உங்க மில்லு ஒரு நாளைக்குக் குடிக்கிற தண்ணிய எங்க ஊருப் பொம்பளைங்க ஒரு மாசத்துக்குச் சுமக்கறாங்க. அதுனால கேட்டேன்." அர்த்தநாரியின் குரல் தாழ்ந்துதான் இருந்தது. கால்தான் நகரவில்லை. "கூட்டம் பள்ளிக்கூடத்துலீங்க. ஒன்றியத்து ஆபீசருக்குச் சொல்லி அனுப்பிட்டேன்."

"யாரைக் கேட்டுடா?"

"தலைவரைக் கேட்டேனுங்க. செரின்னுட்டாரு."

மாவைக் கிளறிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டாள்.

தங்கசாமி பழுத்த ஆள். கோபத்தை வெற்றிலையோடு மென்று விழுங்கினார். "பள்ளிக்கூடம்னா பள்ளிக்கூடம். அங்க என்ன இருக்குது? வாத்தியார் நாற்காலி ஒண்ணு, அதுக்கும் மூணு காலு. ஆபீசர் தரையிலயா குந்துவாரு? எங்க ஊட்டு நாற்காலிய அனுப்பறேன். போ."

அர்த்தநாரி கிளம்பினான். இடுப்புக் கயிற்றில் லாரிச் சாவி ஆடியது. வேலை போனால் அது போகும். அது போனால் வீட்டில் அடுப்பு? பெண்சாதி கந்தம்மாள் காலையிலேயே கேட்டுவிட்டாள்: "தலைவரு ஆனா சோறு யாரு போடுவாங்க, கவர்மெண்டா?" அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

*

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. நடுவில் கை வைத்த தேக்கு நாற்காலி ஒன்று, இரண்டு பக்கமும் இரும்பு மடக்கு நாற்காலிகள். எல்லாவற்றின் முதுகிலும் பச்சைப் பெயிண்டில் 'தங்கசாமி'. வரிசைக்கு வெளியே, தூணோரம், கதவுக்குப் பின்னால் ஒரு முக்காலி.

அது யாருக்கு என்று யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

உறுப்பினர்கள் ஆறு பேர். சென்னிமலையும் அவன் பின்னால் வந்த, சொந்த நிலம் வைத்திருக்கிற இரண்டு தோட்டக்காரர்களும் மில்லுக்காரர் கை. தறிக்காரத் தெருவிலிருந்து இரண்டு பேர்: எட்டு விசைத்தறி போட்டிருக்கிற சின்னராஜ், அவனிடம் வேலை பார்த்துக்கொண்டே அவனையே அதட்டுகிற பெரியநாயகி. காலனியிலிருந்து கருப்பண்ணன்.

ஆபீசர் ஆத்தூர்ப் பக்கத்து மனிதர். வியர்வையைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை நனைந்துவிட்டது. "எல்லாரும் உக்காருங்க சார். தலைவர் அவர்களை எப்படிக் கூப்பிடறது? சில ஊர்ல மாண்புமிகுன்னு போடச் சொல்றாங்க."

"மாண்புமிகு டிரைவர்னு போட்டுக்கங்க" என்றான் சென்னிமலை. தோட்டக்காரர்கள் சிரித்தார்கள்.

"தலைவர்னு போட்டாப் போதுமுங்க" என்றான் அர்த்தநாரி. "நாளைக்கு நாந் திரும்ப லாரி ஓட்டப் போவேன். மாண்புமிகுவ எங்க கழட்டி வெக்கறது?"

கருப்பண்ணன் படிக்குக் கீழே, வெயிலில் நின்றான். துண்டு கக்கத்தில் இருந்தது.

"மேல வா கருப்பண்ணா."

"இருக்கட்டுங்க சாமி. இங்கிருந்தே கேக்குது."

"அதான் அவனுக்கு முக்காலி போட்டிருக்குதே!" சென்னிமலை பெருந்தன்மையோடு கையைக் காட்டினான். "எங்க மச்சான் யாரையும் உட்டுட மாட்டாரு."

அர்த்தநாரி முக்காலியைப் பார்த்தான். வரிசையைப் பார்த்தான். பிறகு நடந்துபோய் அந்த முக்காலியை எடுத்து வந்து, நடுவில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தான். தேக்கு நாற்காலியைக் கையால் தட்டினான்.

"லாரி சீட்டுல உக்காந்து உக்காந்து எனக்கு முதுகுச் சாய்மானம் ஒத்துக்கறதில்ல. முக்காலிதான் சொகம். இது சும்மா கெடக்குது. கருப்பண்ணா, வந்து உக்காரு."

தாழ்வாரத்தில் தலைகளெல்லாம் தேக்கு நாற்காலியின் பக்கம் திரும்பின. பெரியநாயகி மட்டும், "ஆத்தாடி" என்றாள், சந்தோஷமாக.

வாசலில் வேப்பமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தங்கசாமிக்கு, காலையில் விழுங்கிய கோபம் மொத்தமும் திரும்பி மேலே வந்தது. அது அவர் அப்பா உட்கார்ந்த நாற்காலி.

"தூக்குங்கடா!" களத்து ஆட்களைப் பார்த்துக் கத்தினார். "எம்பட நாற்காலி! ஒண்ணு உடாம தூக்குங்க! முக்காலியும்! அவன் பொச்சுக்கடியில இருந்து உருவுங்கடா!"

ஆட்கள் ஏறிவந்தார்கள். முகத்தைப் பார்க்காமல் மடக்கினார்கள், தூக்கினார்கள். அர்த்தநாரி தானே எழுந்து முக்காலியை எடுத்துக் கொடுத்தான். நாற்காலிகள் மாட்டுவண்டியில் ஏறின. தாழ்வாரம் துடைத்த மாதிரி ஆனது.

"இப்ப நடத்து கூட்டத்தை!" தங்கசாமி சிரித்தார். "குந்தறதுக்கு ஒரு பலகை இல்லாத பஞ்சாயத்து! ஆபீசரு, கூட்டம் ஒத்திவெப்புன்னு எழுதிக்கங்க. சென்னிமலை, எறங்கு."

சென்னிமலை இறங்கினான். தோட்டக்காரர்கள் இரண்டு பேரும் இறங்கினார்கள்.

ஆபீசர் கைக்குட்டையைப் பிழிந்தார். "தலைவரோட சேத்து ஏழு பேர்ல நாலு பேராவது உக்காந்தாத்தான் கூட்டம் செல்லும். இப்ப நீங்க, அந்தம்மா, அவரு... மூணு." அவர் பார்வை சின்னராஜ் மேல் நின்றது. சின்னராஜ் இறங்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் இருந்தான்.

"ஆபீசருங்க, செத்த இருங்க. நானு இதா வாரேன்." பெரியநாயகி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் ஓடினாள். தெருமுனையில்தான் வீடு. திரும்பி வந்தபோது அவள் தோளில் ஒரு ஜமக்காளம். சிவப்பும் பச்சையும் பட்டை போட்ட பவானி ஜமக்காளம். மகள் கல்யாணத்துக்கு வாங்கி, சம்பந்தி வீட்டார் உட்கார்ந்து எழுந்த பிறகு பெட்டியை விட்டு வெளியே வராதது.

"ஒதுங்குங்க" என்று ஒரே உதறலில் விரித்தாள். தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே துணி. கிழிசல் இல்லை, ஒட்டு இல்லை.

விரிந்த பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது.

நாற்காலி என்றால் ஒருவர் இடம் ஒருவருக்கு. நடுவில் ஒரு முழம் விடலாம், முக்காலியைத் தள்ளிப் போடலாம். ஊமத்தங்கரட்டில் விருந்து என்றால் பந்தி வேறு, மோர் என்றால் தம்ளர் வேறு. ஆனால் ஜமக்காளம் ஒன்றுதான். அதன் மேல் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஒரே விரிப்பில் உட்கார்ந்தவர்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் உட்கார்கிற மாதிரி. இங்கே எல்லாரும் அறிந்த ஒரு விஷயத்தைத் தங்கசாமி கோபத்தில் மறந்திருந்தார். சிரிப்பு அவர் வாயில் பாதியில் நின்றது.

அர்த்தநாரி செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பக்கத்தில் பெரியநாயகி.

"கருப்பண்ணா."

கருப்பண்ணன் படியில் ஒரு காலை வைத்தான். "உக்காந்துட்டு நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்க சாமி. நாளைக்கு எங்க பொம்பளைங்க இதே மில்லுக் களத்துலதான் மாவு கிளறோணும்."

"நானும் இதே மில்லு லாரியத்தான் ஓட்டோணும். ஓட்ட உடுவாங்களான்னு தெரியாது. ரெண்டு பேத்துக்கும் ஒரே பயம்தான். சாமின்னு கூப்பிடாத. தலைவருன்னு கூப்பிடு, ஓட்டுப் போட்டயில்ல?"

கருப்பண்ணன் கொஞ்ச நேரம் அந்தச் சிவப்புப் பட்டையைப் பார்த்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டான். கக்கத்தில் அல்ல, தோளில். மேலே ஏறிவந்தான்.

"தரை எனக்குப் புதுசில்லீங்க தலைவரே. ஆயுசு பூரா அதுலதான் உக்காந்திருக்கறேன். உங்களுக்குத்தான் புதுசு. காலு மரத்துப் போனாச் சொல்லுங்க, எப்பிடி மாத்தி வெக்கறதுன்னு சொல்லித் தாரேன்."

பெரியநாயகி விழுந்து விழுந்து சிரித்தாள். ஆபீசரும் சிரித்துவிட்டு, தங்கசாமியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வாத்தியாரின் மூன்று கால் நாற்காலியைச் சுவரில் சாய்த்து அதன் மேல் மெல்ல உட்கார்ந்தார். "மூணு பேர். இன்னும் ஒருத்தர்."

வாசலிலிருந்து சென்னிமலை கூப்பிட்டான். "சின்னராசு! நல்லா ரோசனை பண்ணிக்க! அதுல உக்காந்தீன்னா உம்பட பொண்ணுக்கு எடப்பாடிக்காரன் எவனும் பாக்கு மாத்த வரமாட்டான்!"

சின்னராஜ் முகம் வெளுத்தது. எடப்பாடிச் சம்பந்தப் பேச்சு நிஜமாகவே நடந்துகொண்டிருந்தது.

அர்த்தநாரி அவனை அழைக்கவில்லை. வற்புறுத்தி உட்காரவைத்தால் அது உட்கார்ந்ததாகாது. பேசியது பெரியநாயகிதான்.

"மொதலாளி, ஒண்ணு கேக்கறேன். உங்க கெணத்துத் தண்ணி என்ன வாசம் அடிக்குது?"

சின்னராஜ் தூணை இறுக்கிப் பிடித்தான்.

"நாஞ் சொல்லட்டுமா? அழுகுன கெழங்கு வாசம். மில்லுக் கழிவு எறங்குன தண்ணி. அதுல பாவுக்குக் கஞ்சி போட்டா நூலு நாறுது, ராசிபுரத்துல துணியத் திருப்பி உடறான். உங்க ஊட்டம்மா நல்ல தண்ணிக்கு மில்லு வாசல்ல கொடத்தோட நிக்கறாங்க. வாட்ச்மேன் 'அப்பறம் வா'ங்கறான். இப்ப அந்த மில்லு வேலியில போர் போட்டா, அதே வாசல்ல, அதே கொடம். எடப்பாடி மாப்பிள்ளை வந்தாலும் குடிக்கத் தண்ணி என்னத்தக் குடுப்பீங்க?"

சின்னராஜ் தூணிலிருந்து கையை எடுத்தான். வேட்டியைத் தூக்கிக்கொண்டு, ஜமக்காளத்தின் ஓரத்தில், ஒரு தொடை துணியிலும் ஒரு தொடை சிமெண்டிலுமாக உட்கார்ந்தான்.

ஆபீசர் எட்டிப் பார்த்தார். "சார், அது உக்காந்த கணக்கா?"

"பாதி உக்காந்தாலும் ஓட்டு முழுசுதானுங்க" என்றாள் பெரியநாயகி.

தீர்மானத்துக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஊமத்தங்கரடு ஊராட்சியின் முதல் ஆழ்துளைக் கிணறு, தோட்டக்காரர் தெரு, தறிக்காரத் தெரு, காலனிப் பாதை மூன்றும் கூடுகிற முக்கில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே. நான்கு கைகள் உயர்ந்தன. சின்னராஜின் கையும் மற்றவை அளவுக்கே உயர்ந்தது.

தங்கசாமி படியருகே வந்து கையை நீட்டினார்.

அர்த்தநாரி இடுப்புக் கயிற்றிலிருந்து லாரிச் சாவியை அவிழ்த்தான்.

"தொப்பூர்க் கணவாயில பிரேக் போன அன்னிக்கு நெனவிருக்குதுங்களா? பக்கத்துல உக்காந்துட்டு எடதுல ஒடி, எடதுல ஒடின்னு கத்துனீங்க. எடதுல பள்ளம். நாங் கேக்கல, வலதுல பாறையில ஒரசி நிறுத்துனேன். அதுனாலதான் இன்னிக்கு நீங்க இருந்து கத்தறீங்க." சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தான். "ஸ்டீரிங் எவன் கையில இருக்குதோ, அவந்தாங்க ரோட்டைப் பாக்கோணும். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

*

ரிக் வண்டி வந்தது. கம்ப்ரெசர் அலறி, ஊரெல்லாம் வெள்ளைப் புழுதி பறந்து, புழுதி சேறாகி, சேறு பீய்ச்சியடித்தபோது மூன்று தெருப் பிள்ளைகளும் ஒன்றாக நனைந்தார்கள். அடிபம்பு நட்டார்கள். முதல் குடத்தைப் பிடித்தது யார் என்பதில் பெரியநாயகிக்கும் கருப்பண்ணன் பெண்சாதி ஆத்தாயிக்கும் இன்றைக்கும் சண்டை உண்டு.

அர்த்தநாரி புதுச்சத்திரம் லாரி ஸ்டாண்டில் ஆக்டிங் டிரைவராகப் போனான். எந்த வண்டிக்காவது டிரைவர் வராவிட்டால் அந்த வண்டியை ஓட்ட வேண்டும். பல நாள் எல்லா டிரைவரும் ஒழுங்காக வந்தார்கள். கந்தம்மாள் தறிக்கு நூல் சுற்றப் போனாள். "தலைவரு ஊட்டுல புளித்தண்ணி வெச்சிருக்கறேன், மாண்புமிகு வந்து சாப்பிடலாம்" என்பாள். கோபமா கேலியா என்று கண்டுபிடிக்க அவன் முயற்சி செய்யவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஏழு பேரும் வந்தார்கள். சென்னிமலையும் தோட்டக்காரர்களும் கூடத்தான். தண்ணீர் முக்கில் இருந்தது, அவர்கள் வீட்டுப் பெண்களும் அங்கேதான் குடம் வைத்தார்கள், முடிவெல்லாம் தாங்கள் இல்லாமலே நடந்துவிடுகிறது என்று தெரிந்துபோயிற்று. ஜமக்காளத்தைப் பார்த்துக் கொஞ்சம் நெளிந்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்தார்கள். சின்னராஜ் இரண்டு தொடையையும் துணி மேலேயே வைத்திருந்தான்.

ஆபீசர் முதல் விஷயத்தை எடுக்கும் முன் வாசலில் லாரிச் சத்தம் கேட்டது. அர்த்தநாரிக்குத் தலை திரும்பாமலே தெரிந்தது. அவன் வண்டி. புது டிரைவர் கிளட்சை அறுத்துக்கொண்டிருந்தான்.

தங்கசாமி இறங்கினார். பின்னால் ஆட்கள் நாற்காலிகளை இறக்கினார்கள்.

"அர்த்தநாரி, நடந்தது நடந்துபோச்சு. ஏதோ கோவம், தூக்கிட்டுப் போயிட்டேன். திருப்பிக் கொண்டாந்திருக்கறேன்." வரிசையைக் காட்டினார். "இந்த வாட்டி முக்காலி கெடையாது. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி. கருப்பண்ணனுக்கும் இரும்பு நாற்காலி. உனக்கு மட்டும் சேலத்துலருந்து சுத்தற நாற்காலி. டாக்டருங்க உக்காருவாங்கல்ல, அது."

"நாக்பூர் வரைக்கும் சுத்துனவருக்கு இன்னும் என்னத்துக்குங்க சுத்தற நாற்காலி?" என்றாள் பெரியநாயகி.

தங்கசாமி படியில் ஏறி, குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "ஏப்பா, நாற்காலின்னா கவுரதையா, அவங்கவங்க எடத்துல அவங்கவங்க. இது என்ன, ஒருத்தன் தொடை மேல ஒருத்தன் தொடை. சுத்துப்பட்டுல கேட்டுட்டுச் சிரிக்கறாங்க. இந்த ஜமக்காளத்த மடிச்சிரு. போதும்." உள்ளங்கையைத் திறந்தார். லாரிச் சாவி. "இதையும் எடுத்துக்க. உனக்குத்தான் அந்த வண்டி கேக்குது."

அர்த்தநாரி சாவியைப் பார்த்தான். வளையத்தில் அவன் கோத்த செப்புக் காசு இன்னும் தொங்கியது. விரல்கள் தாமாக மடங்கின. புளித்தண்ணி ஞாபகம் வந்தது. கந்தம்மாளின் நூல் அறுத்த விரல்கள் ஞாபகம் வந்தன. எல்லாரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருப்பண்ணன் மட்டும் ஜமக்காளத்தின் ஒரு பட்டையை விரலால் தடவியபடி தரையைப் பார்த்தான்.

"அன்னிக்கு நீங்க நாற்காலியத் தூக்காம உட்டிருந்தா, நாங்களும் அப்பிடியேதான் உக்காந்திருப்பமுங்க. எடம் உட்டு எடம், உங்க பேரு முதுகுல" என்றான். "நீங்களே எங்களைத் தரையில எறக்கி உட்டீங்க. எறங்கி உக்காந்துட்டோம். இனி ஏற முடியாதுங்க."

"ஒரு விரிப்புக்காகவாடா வண்டிய வேண்டாங்கற?"

"மழை பேஞ்ச மண்ரோட்டுல மொத லாரி எந்தப் பக்கம் போவுதோ, பின்னால வார லாரியெல்லாம் அந்தத் தடத்துலதானுங்க விழும். அப்பறம் என்ன ஒடிச்சாலும் வெளிய வராது. நாந்தான் மொத வண்டி. நாளைக்கு இங்க வாரவன் நல்லவனா இருப்பானோ, உங்களாட்ட இருப்பானோ, தெரியாது. யாரா இருந்தாலும் கருப்பண்ணன் பக்கத்துல உக்காந்துதான் ஊரை ஆளோணும். சாவிய அந்தப் பையன்கிட்டயே குடுங்க. கிளட்ச மட்டும் பதமா மிதிக்கச் சொல்லுங்க."

தங்கசாமி நிமிர்ந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "செரி. எம்பட மில்லு லைசென்ஸ் புதுப்பிக்கிற விசயம் இன்னிக்கு வருதாம். அதைப் பேசிட்டுப் போறேன்."

"பேசலாமுங்க. கழிவுத் தண்ணி எங்க போவுதுன்னும் சேத்துப் பேசலாம். செருப்பைக் கழட்டிட்டு வந்து உக்காருங்க."

"நான் எதுக்குடா உக்காரோணும்? இங்கிருந்தே பேசறேன்."

"நின்னுட்டுப் பேசறது, வாசல்லருந்து கத்தறது, இதெல்லாம் இந்த ஊராட்சியில பழக்கமில்லீங்க."

"பழக்கமா? இதுவரைக்கும் ஒரே ஒரு கூட்டம்தாண்டா நடந்திருக்குது!"

"ஒண்ணு போதுமுங்க."

தங்கசாமி சென்னிமலையைப் பார்த்தார். சென்னிமலை அவசரமாகக் கால் விரலில் ஏதோ முள்ளைத் தேடினான். வாசலில் லாரி கடகடவென்று ஆடி நின்றபடி உறுமிக்கொண்டிருந்தது.

கருப்பண்ணன் மெல்ல நகர்ந்தான். அவனுக்கும் அர்த்தநாரிக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்குச் சிவப்புப் பட்டை தெரிந்தது.

"எடம் இருக்குதுங்க" என்றான். சாமி என்று சேர்க்கவில்லை.

மில்லுக்காரர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அர்த்தநாரி காத்திருக்கவில்லை. ஆபீசர் பக்கம் திரும்பினான்.

"தெருவிளக்கு விசயத்தை எடுங்க. மில்லு விசயம் அவுரு உக்காந்தப்பறம்." பிறகு வாசலைப் பார்த்துக் குரலை உயர்த்தினான். பத்து வருஷம் தன் கையில் இருந்த வண்டியை முதல் தடவையாக வெளியிலிருந்து அதட்டினான்.

"தம்பி, என்ஜினை ஆப் பண்ணு! இங்க கூட்டம் நடக்குது!"